வீம்பை விட்டுச் சாமி முன்னால் விழுவது எப்படி? கொங்குநாட்டு அன்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல வருடம் கோயில் படி மிதிக்காமல் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறவர்கள், பங்காளிப் பகையை மடியில் கட்டிக்கொண்டு நோம்பிக்கு (திருவிழாவுக்கு) வருகிறவர்கள், "எனக்கு யார் முன்னாலயும் தலை குனிஞ்சு பழக்கமில்லைங்க" என்று சொல்லிக்கொண்டே வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் சைவ மரபை ஒட்டியவை. அவிநாசி, கொடுமுடி, பேரூர், பழனி என்று நம் பக்கத்துக் கோயில்களே உதாரணமாக வரும்.

மனசு பணியாமல் உடம்பு மட்டும் விழுந்தால் அது நடிப்பு ஆகாதுங்களா?

ஆகட்டும், பரவாயில்லை. மனசு கனியட்டும், அப்புறம் விழுகிறேன் என்று காத்திருப்பவர் பெரும்பாலும் கடைசிவரை காத்துக்கொண்டேதான் இருப்பார். காத்திரு என்று சொல்வதே அந்த வீம்புதான். உடம்பை முதலில் மண்ணில் கிடத்துங்கள். மனசு பின்னால் வரும், அல்லது அன்றைக்கு வராது. இரண்டுமே நடக்கும்.

மாணிக்கவாசகரே தன் பக்தியைப் பற்றி "யானே பொய், என் நெஞ்சும் பொய், என் அன்பும் பொய்" என்று இறைவனிடம் சொன்னவர். அவர் அந்தப் பொய்யை மறைக்கவில்லை, அதையே கொண்டுபோய்ச் சந்நிதியில் வைத்தார். உங்களுக்கும் அதே வழி திறந்திருக்கிறது. "எனக்குப் பணிவு வரலை, வீம்பாத்தான் நிக்கறேன்" என்று மனசுக்குள் சொல்லிவிட்டு விழுங்கள். அந்த ஒரு வரி உண்மையாக இருந்தால் போதும்.

எனக்குக் கர்வமெல்லாம் கிடையாது, கோபம்தான் கொஞ்சம் வரும். இது எனக்குப் பொருந்துமா?

உயிரைப் பிடித்திருக்கும் மூன்று மலங்களில், அதாவது அழுக்குகளில், முதலாவது ஆணவம் என்கிறது சைவ சித்தாந்தம். நெல்லுக்கு உமி போல, செம்புக்குக் களிம்பு போல, அது பிறகு வந்து ஒட்டியதல்ல, கூடவே இருப்பது. அதன் குணங்கள் எட்டு என்று அருணந்தி சிவாசாரியார் கணக்குச் சொல்கிறார். செருக்கு அதில் ஒன்றுதான். கோபம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. "நகை" என்று இன்னொன்றும் இருக்கிறது, அதாவது பிறரைப் பார்த்து இளக்காரமாகச் சிரிப்பது.

ஆகவே மார்தட்டிப் பேசாதவருக்கு ஆணவம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. நம் பக்கம் இது இன்னும் சிக்கல். குழந்தையைக்கூட "வாங்க, சாப்பிடுங்க" என்று கூப்பிடுகிற ஊர். நாக்கு அவ்வளவு மரியாதையாக இருக்கும்போதே, உள்ளே இருபது வருடத்துப் பகை ஆறாமல் கிடக்கும். சோதித்துப் பார்க்க எளிய வழி: நீங்கள் சொன்னது தப்பு என்று உங்களைவிட வயதில் சிறியவர் நாலு பேர் முன்னால் சொன்னால் முகம் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள்.

பத்துப் பதினைந்து வருடமாகக் கோயிலுக்குப் போகவில்லை. ஒரு சாவு வீட்டில் சாமியைக் கண்டபடி திட்டியும் இருக்கிறேன். எந்த முகத்தோடு போவது?

அதே முகத்தோடுதான். திட்டியவர்களுக்கு வழி அடைக்கப்பட்டிருந்தால் தேவாரத்தில் சுந்தரர் பாடிய ஏழாம் திருமுறை இருந்திருக்காது.

சுந்தரருக்கு "வன்தொண்டர்", அதாவது முரட்டு அடியார், என்றே பெயர். புத்தூரில் கல்யாணப் பந்தலில் அவர் உட்கார்ந்திருக்கும்போது ஒரு கிழவர் வந்து "நீ எனக்கு அடிமை" என்று ஓலை நீட்டினார். சுந்தரர் "நீர் பித்தரோ" என்று கேட்டார், ஓடிப்போய் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்தார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் மூல ஓலையைக் காட்டிய பிறகே அடங்கினார். வந்தவர் இறைவன் என்று தெரிந்தபோது என்ன பாடுவது என்று தவித்தவருக்கு, திட்டிய சொல்லையே முதல் சொல்லாக வைத்துப் பாடு என்று உத்தரவானது. "பித்தா" என்று அந்தப் பதிகம் தொடங்குகிறது.

அவர் கோபம் அதோடு தீர்ந்ததா என்றால், இல்லை. சேர மன்னர் சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னையும் பொருளையும் எடுத்துக்கொண்டு கொங்குநாடு வழியாகத் திரும்பியபோது, வேடர் உருவில் வந்த சிவகணங்கள் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டன. பக்கத்தில் இருந்த திருமுருகன்பூண்டிக் கோயிலுக்குப் போய், வழிப்பறி நடக்கிற இந்த ஊரில் "எத்துக்கு இங்கிருந்தீர்" என்று பாட்டுக்குப் பாட்டு கேட்டார். பறிபோனது வாசலில் வந்து சேர்ந்தது என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. கவனிக்க வேண்டியது இது: கோபம் வந்தபோது அவர் கோயிலை விட்டுப் போகவில்லை, கோயிலுக்குள் போனார். கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டியவரிடம் கேட்டார். வீம்புக்காரர் செய்வது இதற்கு நேர்மாறு. பேச்சை நிறுத்திவிடுவார்.

இனி நடைமுறை. முதல் தடவை போவதற்குப் பிரதோஷம், கிருத்திகை, அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். கூட்டத்தில் தெரிந்தவர்கள் கண்ணில் படுவார்கள், "அட, உங்களை இந்தப் பக்கம் பார்க்கறதே அபூர்வமாச்சுங்களே" என்பார்கள், பழைய ரோஷம் தலைதூக்கும். சாதாரண நாளில் காலை நடை திறந்த ஒரு மணி நேரத்துக்குள் போங்கள். அர்ச்சனைத் தட்டு, மாலை, காணிக்கை எதுவும் கட்டாயமில்லை. முதல் நாளே பெரிய பூஜைக்குச் சீட்டு எடுக்காதீர்கள். அது கடனை அடைத்துவிட்டுப் போகிற தோரணையில் முடியும். கொடிமரம் வரை போய் விழுந்து எழுந்து, திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு வந்துவிட்டாலும் அன்றைக்கு அது நிறைவான தரிசனம்தான். ஒரு வாரத்துக்குள் மறுபடி போங்கள். அந்த இரண்டாவது தடவையைத்தான் பலர் தள்ளிப்போட்டு விட்டுவிடுகிறார்கள்.

விழுந்து கும்பிடுவதற்கு முறை இருக்கிறதா? எங்கே, எத்தனை தடவை?

இருக்கிறது. தெரியாததாலேயே பலர் கூச்சப்பட்டு நின்ற இடத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

இடம்: கொடிமரத்துக்கும் பலிபீடத்துக்கும் வெளிப்பக்கம். பலிபீடம் உங்கள் "நான்" என்பதைப் பலி கொடுக்கிற இடம் என்று மரபு சொல்கிறது. அதைத் தாண்டி உள்ளே, மூலவருக்கும் நந்திக்கும் நடுவில், பரிவார சந்நிதிகளுக்கு முன்னால் எல்லாம் விழக்கூடாது. ஒரு சாமியை வணங்கும்போது இன்னொரு சாமியை நோக்கிக் கால் நீண்டுவிடும். வரிசையில் வருகிறவர்கள் தடுக்கி விழுவதும் நடக்கிறது.

திசை: கிழக்கு அல்லது மேற்கு பார்த்த சந்நிதி என்றால் தலை வடக்கே இருக்க வேண்டும். வடக்கு அல்லது தெற்கு பார்த்த சந்நிதி என்றால் தலை கிழக்கே. சுருக்கமாக, கால் கிழக்கிலும் வடக்கிலும் நீளக்கூடாது.

ஆண்களுக்கு அட்டாங்கம். தலை, இரண்டு கை, இரண்டு காது, மோவாய், இரண்டு தோள் ஆகிய எட்டும் தரையில் பட வேண்டும். குப்புறப் படுத்து நெற்றியை வைத்தால் மட்டும் காது படாது. முதலில் நெற்றியும் மார்பும் தரையில் படக் கைகளைத் தலைக்கு மேலே நீட்டுங்கள், பிறகு கைகளை மடக்கி, மோவாயையும் தோள்களையும் தரையில் சேர்த்து, வலது காதை ஒருமுறையும் இடது காதை ஒருமுறையும் தரையில் வையுங்கள். பெண்களுக்குப் பஞ்சாங்கம். தலை, இரண்டு கை, இரண்டு முழங்கால்.

எண்ணிக்கை: மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு. ஒன்றோ இரண்டோ போதாது என்பார்கள். அதற்கு ஒரு நல்ல பயன் உண்டு. முதல் தடவை விழும்போது வேட்டி அழுக்காகிறதே, யார் பார்க்கிறார்கள் என்று யோசனை ஓடும். மூன்றாவதில் அது கொஞ்சம் ஓய்ந்திருக்கும்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே விழாதீர்கள். இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் போன் வேண்டாம், மார்பில் அழுத்தும், அல்லது விழுந்து உடையும்.

பழனிக்கு நடந்து போனால் வீம்பு குறையுமா?

பாதை உதவும். குறைப்பது நீங்கள் நடக்கிற விதத்தைப் பொறுத்தது.

பழனிமலை ஏறுகிற வழியில் பாதிப்படியில் இடும்பன் சந்நிதி இருக்கிறது. பலர் மூச்சு வாங்க அங்கே நிற்பதோடு சரி. அகத்தியர் சொல்லிச் சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைத் தண்டின் இரு பக்கமும் கட்டித் தோளில் தூக்கி வந்த அசுரன் அவன். பழனியில் இறக்கி வைத்துவிட்டு மறுபடி தூக்கப் பார்த்தான், அசையவில்லை. மேலே கோவணத்தோடு நின்ற ஒரு சிறுவனைப் பார்த்துச் சண்டைக்குப் போனான், மாண்டான். மனைவி இடும்பியும் அகத்தியரும் வேண்டிக்கொண்ட பிறகு உயிர் பெற்றான். எழுந்தவன் கேட்ட வரம், மலைக்குக் காவல்காரனாக நிற்பதும், தன்னைப் போலவே தோளில் காவடி சுமந்து வருகிறவர்களுக்கு அருள் கிடைப்பதும். மலையைத் தூக்கிய அதே தோள்தான், வேலை மட்டும் மாறியது. வீம்புக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது. பிடிவாதம் என்கிற பலத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, அதன்மேல் காவடியை வைக்கச் சொல்கிறது.

பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தண்ணீர் முகந்து பழனிக்குத் தீர்த்தக்காவடி கொண்டுபோவது கொங்கில் பழைய வழக்கம். வெள்ளகோவில், தாராபுரம் வழியாக 90 கிலோமீட்டருக்கு மேல் வரும். முதல் தடவை போகிறவர்கள் தாராபுரத்திலிருந்தோ உடுமலையிலிருந்தோ தொடங்கினால் 35 கிலோமீட்டர் அளவில் முடியும். மூன்று வாரம் முன்பிருந்தே தினமும் 5 கிலோமீட்டர், பிறகு 10 என்று காலைப் பழக்குங்கள். பங்குனியில் தார் ரோடு கொதிக்கும். விடியற்காலை மூன்று நான்கு மணிக்குக் கிளம்பிப் பத்து மணிக்கு நிறுத்திவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு தொடருங்கள். இருட்டில் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் இருக்கட்டும், எதிரே வரும் வண்டி தெரிகிற மாதிரி ரோட்டின் வலது ஓரமாக நடங்கள். கொப்புளம் வந்தால் உடைக்காமல் துணி கட்டுங்கள். தீர்த்தச் செம்பின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். தரையில் வைக்காமல் கொம்பிலோ கவட்டையிலோ தொங்கவிடுவது வழக்கம்.

சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. முள் குத்தினாலும் சூடு பட்டாலும் தெரியாது, புண் புரையோடிவிடும். டாக்டர் சொன்ன செருப்போடு நடப்பது குற்றமில்லை. "எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று கழற்றி வீசுவது எந்த மலத்தின் வேலை என்று மேலே சொல்லியிருக்கிறோம்.

எங்கே கெடுகிறது? "இது எனக்கு இருபதாவது வருசமுங்க" என்பதில். யார் குறைந்த மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது என்ற போட்டியில். வழியில் மோர் கொடுப்பவரிடம் "இன்னும் கொஞ்சம் ஊத்தினா என்ன" என்று அதட்டுவதில். அடிவாரத்தில் திருஆவினன்குடியை வணங்கி, கிரிவீதி சுற்றி, 693 படியும் ஏறிப்போய், பொது வரிசையில் நிற்க மனசில்லாமல் தெரிந்த ஆளுக்குப் போன் போடுவதில் அத்தனை நடையும் வீணாகும். இவ்வளவுக்கும் மேலே நிற்கிற சாமி, கோவணமும் தண்டமுமாக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்.

மொட்டை போடுவது அவசியமா?

அவசியமில்லை, ஆனால் தோற்றத்தில் பெருமை உள்ளவர்களுக்கு இதைவிடக் குறுகிய வழியும் இல்லை. பல மாதம் கண்ணாடி அதை ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும். அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 முதல் முடிக்காணிக்கைக்குக் கட்டணம் கிடையாது. முடிக்கொட்டகையில் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கண் முன்னால் புது பிளேடு மாற்றச் சொல்லுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். குளித்துச் சந்தனம் பூசிய பிறகு மலை ஏறுங்கள். பெண்கள் முழு முடி கொடுக்காமல் பூமுடி கொடுக்கலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். முடி எடுக்கிறவர் முன்னால் தலை குனிந்து உட்காருகிறீர்கள். ஊரில் அதே தொழில் செய்கிறவரை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? வயதில் மூத்தவராக இருந்தும் "வாடா போடா" என்றால், காணிக்கையாக மயிர் மட்டும்தான் போயிருக்கிறது.

திருப்பணிக்குப் பெரிய தொகை கொடுத்தால் தோஷம் கழியுமா? கல்வெட்டில் பெயர் போடலாமா?

திருப்பணி நல்லதுதான், கொடுங்கள். வீம்புக்கு அது மருந்தாகுமா என்று கேட்டால் பெரும்பாலும் ஆகாது. காடவர்கோன் என்ற பல்லவ மன்னன் காஞ்சியில் கற்கோயில் கட்டிக் குடமுழுக்கு வைத்த அதே நாளில், பூசலார் என்ற அடியார் மனசுக்குள் கட்டிய கோயிலுக்குப் போக வேண்டியிருக்கிறது, நாளைத் தள்ளிவை என்று இறைவன் மன்னனிடம் சொன்னதாகப் பெரியபுராணம் சொல்கிறது.

பெயர் வேண்டும் என்றால் பழைய காலத்தார் வழி ஒன்று இருக்கிறது. பல கோயில்களில் படியிலும் தரையிலும் பெயர் வெட்டியிருப்பதை, விழுந்து கும்பிடுகிற உருவம் செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம். வருகிற அடியார் கால் தன்மேல் படட்டும் என்று வைத்துக்கொண்டது. ட்யூப் லைட்டில் வெளிச்சத்தை மறைத்து எழுதுகிற "உபயம்" அந்த ரகமில்லை.

உழவாரப்பணிக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே என்ன செய்ய வேண்டும்?

கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கிச் சுத்தம் செய்கிற பணி. திருநாவுக்கரசர் கையில் இருக்கும் உழவாரப்படை அதற்கான கருவிதான். கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் இதற்கென்றே குழுக்கள் உண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் போவார்கள். நம் அனுபவத்தில் இத்தனை வழிகளிலும் நன்றாக வேலை செய்வது இதுதான். குனிந்துதான் செய்ய முடியும், செய்து முடித்தால் யார் செய்தார்கள் என்று தெரியாது, அடுத்த மழைக்குப் புல் மறுபடி முளைத்துவிடும்.

அறநிலையத் துறைக் கோயில் என்றால் ஒரு வாரம் முன்னதாகவே செயல் அலுவலரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். ஊர்க்கோயில் என்றால் தர்மகர்த்தாவிடமும் பூசாரியிடமும் கேட்டுக்கொண்டால் போதும். பத்துப் பேருக்கு மண்வெட்டி மூன்று, களைக்கொத்து நான்கு, அரிவாள் இரண்டு, சீமாறு ஐந்து, ஒட்டடைக் கம்பு ஒன்று, வாளி நான்கு, குப்பை அள்ளச் சாக்கு பத்து, கையுறை ஆளுக்கு ஒரு ஜோடி. விளக்கிலும் தரையிலும் படிந்த எண்ணெய்ப் பிசுக்குக்கு வெந்நீரும் அரப்புத் தூளும் போதும்.

செய்யக்கூடாதவை அதைவிட முக்கியம். கருங்கல்லில் ஆசிட் ஊற்றாதீர்கள், கம்பி பிரஷ் போடாதீர்கள். கல்லின் மேல்தோல் உரிந்து சிற்பத்தின் கூர்மை போய்விடும். எழுத்து வெட்டிய கல்லில் சுண்ணாம்பும் பெயிண்டும் அடிக்கக்கூடாது, கல்வெட்டு அழிந்தால் அந்தக் கோயிலின் வரலாறே போனது. கோபுரத்திலும் மதிலிலும் முளைத்த அரசங்கன்று இளசாக இருந்தால் கையால் பிடுங்கலாம். வேர் விரல் கனம் ஆகிவிட்டால் இழுக்காதீர்கள், கல்லும் சேர்ந்து பெயர்ந்து வரும். மேலே வெட்டிவிட்டு அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். மூலவரையும் பரிவாரத் திருமேனிகளையும் அர்ச்சகர் தவிர யாரும் தொடக்கூடாது.

வேலை பங்கிடும்போது ஆணவம் நன்றாகத் தெரியும். நந்தவனம், மண்டபம், விளக்கு தேய்ப்பது ஆகியவற்றுக்கு ஆள் தானாக வரும். தண்ணீர் போகிற சாக்கடைக்கும் கழிப்பறைக்கும் வராது. புதிதாக வருகிறவர் அதை வாய் திறந்து கேட்டு வாங்கிக்கொண்டால் ஆறு மாதத்து வேலை ஒரே நாளில் முடியும். அன்னதானத்திலும் அப்படித்தான், பரிமாறுகிற கரண்டிக்குப் போட்டி இருக்கும். எச்சில் இலை எடுக்கிற பக்கம் போய் நில்லுங்கள். பேனர் அடிக்கிற, முடிந்ததும் ஆளுக்கு ஆள் சால்வை போர்த்திப் படம் எடுக்கிற குழுவாக இருந்தால் வேறு குழு பாருங்கள்.

எங்கள் குடும்பத்துக்குக் கோயிலில் முதல் மரியாதை உண்டு. பணிவுக்காக அதை விட்டுவிட வேண்டுமா?

அது உங்கள் ஒருவருடைய சொத்தல்ல, நீங்கள் ஒருவராகத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. பங்காளிகள் கூடிப் பேச வேண்டியது. பரிவட்டம் கட்டுவதில் சண்டை என்றால் வருடத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக்கொள்வது நல்ல தீர்வு, பல காணிக் கோயில்களில் (குலத்தாருக்கு உரிய கோயில்களில்) அப்படித்தான் ஓடுகிறது. கோயில் மரியாதை யாருக்கு என்ற வழக்கை அறநிலையத் துறை இணை ஆணையரிடம் கொண்டுபோக 1959ஆம் வருடச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் இடமிருக்கிறது. சட்டம் இதற்கென்று ஒரு வரி எழுத வேண்டி வந்ததே இந்த வியாதி எவ்வளவு பரவலானது என்று காட்டும்.

மரியாதை உங்களுக்கே வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய கையோடு, திருநீறு கொடுக்கும் பண்டாரத்தின் முன்னால் இரண்டு கையும் நீட்டி, வலக்கை மேலே வைத்து, குனிந்து வாங்குங்கள். பேரூரில் ஆனி மாதம் நாற்று நடவு விழா நடக்கிறது. சுந்தரர் வந்தபோது பட்டீசுவரரும் பச்சைநாயகியும் பள்ளனும் பள்ளத்தியுமாகச் சேற்றில் இறங்கி நாற்று நட்டதாகத் தலபுராணம். அந்தச் சாமிக்கு முன்னால் யாருக்கு முதல் தாம்பாளம் என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பங்காளியோடு பேச்சு நின்று பல வருடம் ஆச்சு. சாமியிடம் மன்னிப்புக் கேட்டால் போதாதுங்களா?

போதாது. சாமி முன்னால் விழுவது சுலபம், அவர் பதில் பேசமாட்டார். வரப்புத் தகராறு, கிணற்றுப் பங்கு, வாய்க்கால் முறைத் தண்ணீர், கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனது, எதுவாக இருந்தாலும், நீங்கள் பேசிய தப்பான பேச்சுக்கு நீங்கள் போய்த்தான் ஆக வேண்டும்.

குலதெய்வப் பொங்கலுக்கோ மாரியம்மன் நோம்பிக்கோ பத்து நாள் முன்னதாகப் போங்கள். நோம்பி அன்றைக்கே வேண்டாம், ஊரே பார்க்கும், அவரால் மறுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது. பெரிய மனுசர் யாரையும் தூது அனுப்பாதீர்கள். போனில் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப்பில் கண்டிப்பாக வேண்டாம். காலையில் அவர் தோட்டத்துக்குப் போகும் முன்பு, அல்லது பொழுதோடு கட்டுத்தரையில் மாடு கட்டி முடித்த பிறகு, தனியாகப் போங்கள்.

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். "அன்னைக்கு நா பேசுனது தப்புங்கண்ணா." அதற்குப் பிறகு "ஆனா நீங்களும்" என்று ஆரம்பித்தால் வந்த வேலை கெட்டது. நிலத்தைப் பற்றி அன்றைக்குப் பேசாதீர்கள். அவர் உட்காரச் சொல்லாவிட்டால் நின்றுகொண்டே சொல்லுங்கள். கத்தினால் கேட்டுக்கொள்ளுங்கள். காபி கொடுத்தால் குடியுங்கள், வேண்டாம் என்று மறுக்காதீர்கள். கதவைச் சாத்தினால் கும்பிட்டுவிட்டு வாருங்கள். "போய்ப் பார்த்தேன், அவன் மதிக்கல" என்று ஊரில் சொல்வது புது வீம்பு. நீங்கள் போனது உங்கள் கடனுக்கு, அவர் மன்னிப்பது அவர் இஷ்டம்.

நிலத்தின் உரிமை வேறு சங்கதி. அளவைக்கு மனு போட்டிருந்தால் அது நடக்கட்டும், வழக்கு இருந்தால் ஓடட்டும். விட்டுக்கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். ஆனால் வழக்கு கோர்ட்டில் இருக்கட்டும், கருமாதி வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் அதைத் தூக்கிப் போக வேண்டாம்.

இப்படியெல்லாம் பணிந்துபோனால் ஏறி மிதிப்பார்களே?

இறைவன் முன்னால் பணிவது எல்லார் முன்னாலும் கூனிக்குறுகுவது அல்ல. கோயில் கோயிலாகப் புல் செதுக்கிய அதே திருநாவுக்கரசர்தான், பல்லவ மன்னன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது "நாமார்க்கும் குடியல்லோம், நமனை அஞ்சோம்" என்று வரமாட்டேன் என்றவர். ஏமாற்றுகிறவரிடம் கணக்குக் கேளுங்கள், அடிக்கிறவரைப் பற்றிப் போலீசில் சொல்லுங்கள். வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடம் "பணிந்து போ" என்று இந்தப் பக்கத்தைக் காட்டி யாரும் சொல்லக்கூடாது.

தினமும் வீட்டில் என்ன செய்யலாம்?

ஐந்து நிமிடம் போதும். குளித்துக் கிழக்கோ வடக்கோ பார்த்து நின்று, வலக்கையின் நடு மூன்று விரல்களால் கீழே சிந்தாமல் திருநீறு பூசுங்கள். சுந்தரர் பாடிய கொடுமுடிப் பதிகத்தில் ஒரு பாட்டு சொல்லுங்கள். "நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே" என்று முதல் பாட்டு முடியும். நான் மறந்தாலும் என் நாக்கு சொல்லும் என்கிறார், தன் பக்தியின்மேல் அவருக்கே அவ்வளவுதான் நம்பிக்கை. இரவு படுக்கும் முன்பு, அன்றைக்கு யாரிடம் குரல் உயர்ந்தது என்று ஒருவரை மட்டும் நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வீட்டுக்காரம்மாவாகவோ வேலைக்கு வருகிறவராகவோ இருக்கும். மேலதிகாரியாக இருக்கவே மாட்டார்.

மாற்றம் வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அழுகை வருவதை வைத்து அல்ல. சிலருக்கு வரும், பலருக்கு வராது. அர்ச்சகர் உங்களைக் கவனிக்காமல் பக்கத்தில் நிற்பவருக்கு மாலை போட்டால், நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தால், மகன் "அப்பா, நீங்க சொன்னது சரியில்லை" என்றால், அந்த இடங்களில் பாருங்கள். எரிச்சல் வரத்தான் செய்யும். முன்பு மூன்று நாள் நின்றது இப்போது சாயங்காலத்துக்குள் போகிறதா என்பதே அளவு. கோயிலுக்கு வராதவர்களைப் பார்த்து இளக்காரம் வர ஆரம்பித்தால், அதுதான் மேலே சொன்ன "நகை". திருநீறு பூசிய நெற்றிக்கு அது சீக்கிரம் வரும். வந்தால் சாக்கடை சுத்தம் செய்கிற ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பிப் போங்கள்.

முழங்கால் தேய்ந்துவிட்டது, கீழே உட்காரவே முடியாது. என்ன செய்வது?

விழ வேண்டாம், விழுந்தால் எழுப்ப ஆள் வேண்டும். தலையை மட்டும் குனிந்து வணங்குவது ஏகாங்கம். வலக்கையைத் தலைமேல் வைத்துக் குனிவது துவிதாங்கம். இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்துக் குனிவது திரிவிதாங்கம். மூன்றுமே முறையான வணக்கம்தான். கொடிமரத்துக்கு வெளியே தூணையோ சுவரையோ ஒட்டி நின்று திரிவிதாங்கம் செய்யுங்கள், தலை சுற்றினால் பிடித்துக்கொள்ளலாம். பழனியில் படி ஏற முடியாவிட்டால் விஞ்ச் ரயிலும் ரோப்காரும் இருக்கின்றன. பேரன் கை கொடுத்தால் பிடித்துக்கொள்ளுங்கள், "எனக்கே நடக்கத் தெரியும்" என்று உதறாதீர்கள்.